மயக்கம் தெளிந்த ரவுட்டர்

அத்தியாயம் 9

"ஒரு டப்பா. அதுக்கு நாலு கொம்பு. சுத்திலும் துணி, துணி மேல நூல், நூல் மேல அரக்கு முத்திரை. கொலைகாரனைக்கூட இவ்வளவு மரியாதையா கட்டித் தூக்கிட்டுப் போக மாட்டாங்க, அண்ணி!"

கோப்பிலிருந்த புகைப்படத்தை நாத்தனார் ஒரு முறை தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது ரவுட்டராகத்தான் இருந்தது.

அண்ணி பதினோரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைக் கிளறிக் கண்டுபிடித்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். உதவிக்கு வந்து சேர்ந்தவள் கணவனின் தங்கை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நாத்தனாரோ வாயாலேயே வேலையைத் தொலைத்த பிள்ளை. வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், கட்சிக்காரர் எதிரிலேயே வக்கீலின் வாதத்தைத் திருத்தினாள். திருத்தம் சரியானது என்பதுதான் வக்கீலுக்குப் பொறுக்கவில்லை.

இருவரும் உட்கார்ந்திருந்தது ரவுட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை மதியம். சுவர் முழுக்கப் பழைய ரவுட்டர்கள், ஆணியில் மாட்டிய வௌவால்கள் போல. கடைக்காரன்தான் இந்த வழக்கின் வில்லன் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. முப்பத்தைந்து வயது. டீச்சரின் தம்பி.

டீச்சர்தான் கட்சிக்காரர். கணக்கு டீச்சர். ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்கு அவர் தயாரித்த வினாத்தாள், தேர்வுக்குப் பத்து நாள் முன்னால், எழுதப்போகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் வெளியே போனது வியாழன் காலை பதினொன்றரைக்கு, டீச்சர் வீட்டு இணைய இணைப்பு வழியாக. அந்த நேரத்தில் டீச்சர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது, வயிற்று வலி என்று கடைக்குப் போகாத தம்பி மட்டும்.

போதாக்குறைக்கு அந்த ரவுட்டரில் கம்பெனி கொடுத்த மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறு எதையோ ஏற்றியிருந்தான். சனிக்கிழமை தேர்வு வாரியத்தின் விசாரணைக் குழு வீட்டுக்கே வந்தது. குழுவின் கம்ப்யூட்டர் ஆபீசர் ரவுட்டரைப் பார்த்துவிட்டு, "அனாமத்து மென்பொருள். திறக்க முடியவில்லை" என்று எழுதினார். உடனே அரக்கு உருகியது. நாளை காலை பத்து மணிக்கு இறுதி விசாரணை. அங்கிருந்து டீச்சர் வேலையிழந்து வீட்டுக்குப் போவாரா, தம்பி போலீஸ் நிலையத்துக்குப் போவானா என்பதுதான் மிச்சம்.

"அனாமத்துன்னா என்னங்க?" என்று நாத்தனார் அவனைக் கேட்டாள். "அப்பன் பேர் தெரியாத மென்பொருளா?"

"அப்பன் ஆயிரம் பேர் இருக்காங்க. அதான் பிரச்சினை" என்றான் தம்பி. மூன்று நாள் தாடி. "ரெண்டு வருஷம் ஆனா கம்பெனி கைவிட்டுடும். டப்பா கல்லு மாதிரி இருக்கும். ஆனா உள்ளே இருக்கிற மென்பொருள்ல ஓட்டை விழுந்தா அடைக்க மாட்டாங்க. புதுசு வாங்குன்னுவாங்க. உலகத்துல நாலா பக்கமும் இருக்கிறவங்க சேர்ந்து, சும்மா, வேற ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் பிரிச்சுப் படிக்கலாம், திருத்தலாம். அதை நான் ஏத்தித் தர்றேன்."

"சும்மாவா எழுதறாங்க?"

"சும்மாதான்."

"அதான் சந்தேகப்படறாங்க. மாசாமாசம் பில்லு அனுப்பியிருந்தா நல்ல மென்பொருள்னு நம்பியிருப்பாங்க."

அண்ணி கேட்டாள்: "யார் எப்ப எதை அனுப்பினாங்கன்னு ரவுட்டர் குறிச்சு வைக்காதா?"

"வைக்கும் மேடம். ஆனா கரண்ட் போனா அந்தக் குறிப்பு எல்லாம் போயிடும். சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கித்தானே மூட்டை கட்டினாங்க! போச்சு."

நாத்தனார் பெருமூச்சு விட்டு எழுந்தாள். கோப்பைப் புரட்டிக்கொண்டே நடந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். கால் அவ்வளவாகச் செய்யாது. மேசைக்கடியில் கிடந்த மின்சாரப் பலகையில் இடறினாள். அதில் செருகியிருந்த ரவுட்டர் உயிரை விட்டது.

"ஐயோ, பரவாயில்ல, பரவாயில்ல" என்று தம்பி பிளக்கைத் திரும்பச் செருகினான். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. ரவுட்டரோடு கம்பியால் இணைத்திருந்த மடிக்கணினியின் திரையில் அதன் பக்கம் மறுபடி வந்தது.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "இது ஏங்க பிப்ரவரி ஒன்பதாம் தேதியிலேயே நிக்குது? கல்யாண நாள் எதுன்னு கேட்டா எங்க அண்ணன் ஒரு தேதி சொல்லுவாரே, அந்த மாதிரியில்ல இருக்கு."

"அதுக்குள்ளே கடிகார பேட்டரி கிடையாதுங்க. கரண்ட் போய் வந்தா மயக்கம் போட்டு எழுந்த ஆள் மாதிரிதான். இன்னைக்கு என்ன தேதின்னு தெரியாது. கடைசியா அதோட அமைப்புல யாராவது கை வச்சு எதையாவது மாத்தியிருப்பாங்க இல்லையா, அந்த நேரத்துலேருந்து எண்ண ஆரம்பிக்கும். அப்புறம் இன்டர்நெட் கிடைச்சா, சரியான நேரம் என்னன்னு கேட்டுத் திருத்திக்கும். இதுக்கு இன்டர்நெட் கொடுக்கல. அதான் பிப்ரவரியிலேயே நிக்குது. அன்னைக்குத்தான் இதுல ஒரு பேரை மாத்தினேன்."

அண்ணி கையிலிருந்த பேனா அசையாமல் நின்றது. நாத்தனாருக்கு அந்த அறிகுறி தெரியும். எரிந்த கடைகளின் சாம்பலில் எரியாத மண்ணெண்ணெய் டப்பா கிடைக்கும்போது வரும் அமைதி அது.

"உங்க வீட்டு ரவுட்டரை நீங்க கடைசியா எப்ப தொட்டீங்க?"

"ஜனவரியில."

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான்."

"அப்படியா?" என்றாள் நாத்தனார், கோப்பிலிருந்து ஒரு தாளை உருவியபடி. "மார்ச் மாசம் வாரியம் அனுப்பின 'வினாத்தாள் பாதுகாப்புப் படிவம்' இது. கேள்வி ஆறு: வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டு என்ன? உங்க அக்கா கையெழுத்து முத்து முத்தா இருக்கு. அழகா எழுதிக் கொடுத்திருக்காங்க. கேள்வி ஏழுல வீட்டுச் சாவியை எந்தப் பூந்தொட்டிக்கு அடியில வைப்பீங்கன்னு கேக்காம விட்டுட்டாங்க, பாவம்."

தம்பி தாளை வாங்கிப் பார்த்தான். "அக்கா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"ஆபீஸ்லேருந்து படிவம் வந்தா டீச்சருங்க நிரப்பிடுவாங்க. அவங்க வளர்ப்பு அப்படி. கீழே யாரோ 'நேரில் சரிபார்க்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. கோழி கிளறின மாதிரி இருக்கு."

அண்ணி எழுந்தாள். "நாளைக்கு அந்த டப்பாவை எல்லார் முன்னாலயும் மயக்கம் தெளிவிச்சுப் பார்க்கப் போறேன். என்ன தேதி சொல்லும்னு எனக்குத் தெரியாது. ஜனவரின்னு சொன்னா நமக்கு ஒண்ணும் கிடைக்காது. வியாழக்கிழமைன்னு சொன்னா நீங்க உள்ளே போவீங்க. அதையும் நான்தான் நிரூபிச்சதா ஆகும். சம்மதமா?"

தம்பி சுவரில் தொங்கிய ரவுட்டர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். "எழுப்புங்க மேடம்" என்றான்.

தெருவில் இறங்கியதும் நாத்தனார் கேட்டாள்: "இவன் பொய் சொல்றான்னா, அண்ணி?"

"அப்ப நம்ம கட்சிக்காரரோட தம்பியை நாமே பிடிச்சுக் கொடுத்த முதல் கம்பெனி நாமதான்."

"விளம்பரத்துக்கு நல்லா இருக்கும். கட்டணம் கேக்கத்தான் கூச்சமா இருக்கும்."

*

தேர்வு வாரியத்தின் விசாரணை அறையில் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முனகல் போட்டது. நீள மேசையின் தலைமாட்டில் குழுத் தலைவி. தலை முழுக்க நரை, கண்ணில் மட்டும் இன்னும் வயதாகவில்லை. பக்கத்தில் டைப்பிஸ்ட் அம்மாள். யாராவது தும்மினால்கூட எத்தனை மணிக்கு என்று குறிப்பில் ஏற்றிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். எதிரே கம்ப்யூட்டர் ஆபீசர். சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றும் மூடி கழற்றப்படாதவை என்று நாத்தனாருக்குத் தோன்றியது.

டீச்சர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தம்பி அவரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி. அந்த இரண்டு காலி நாற்காலிகளை நாத்தனார் கவனித்தாள். சனிக்கிழமை, "உங்க தம்பி இதைச் செஞ்சிருக்க முடியுமா?" என்று குழு கேட்டபோது டீச்சர் "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னாராம். அதிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சு இல்லை.

மேசை நடுவில் முத்திரை போட்ட மூட்டை.

"இதைத் திறந்து என்ன ஆகப்போகுது?" என்றார் ஆபீசர். "எல்லாத்தையும் அழிச்சுட்டான். நானே பார்த்தேன்."

"பார்த்தீங்களா, திறந்தீங்களா சார்?" என்று அண்ணி கேட்டாள், பாடம் புரியாத மாணவி போல.

"திறக்கவே முடியலைன்னு அறிக்கையில எழுதியிருக்கேனே. இந்த மாதிரி கண்டதுலயெல்லாம் நான் கை வைக்கறதில்ல. என்ன மென்பொருள்னே எனக்குத் தெரியாது."

"மன்னிக்கணும், எனக்குக் கொஞ்சம் மந்த புத்தி. அதையே ஒரு வரியா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தீங்கன்னா உதவியா இருக்கும்."

"மந்த புத்தின்னு நானும் சான்று தர்றேன்" என்று நாத்தனார் தாளை நீட்டினாள்.

ஆபீசர் மூன்று பேனாவில் நடுப் பேனாவை எடுத்து, தாராளமாக எழுதிக் கையெழுத்திட்டார். நாத்தனார் தாளை வாங்கி ஊதினாள். கோழி கிளறிய கையெழுத்து. படிவத்தில் இருந்த அதே கோழி. அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி விட்டத்தைப் பார்த்தாள்.

முத்திரை உடைக்கப்பட்டது. ரவுட்டரில் இணையக் கம்பி எதையும் செருக வேண்டாம், மின்சாரம் மட்டும் போதும் என்றாள் அண்ணி. யாரும் கண்கட்டு வித்தை என்று சொல்லிவிடக்கூடாது என்பதால் டைப்பிஸ்ட் அம்மாளின் கணினியிலேயே இணைத்தார்கள். கரண்ட் போய் வந்தால் இந்த டப்பா எந்த நேரத்திலிருந்து எண்ணும் என்பதைத் தம்பியைக் கொண்டே சொல்ல வைத்தாள். தலைவி இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார். ஆபீசர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டு கேக்குது" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள்.

டீச்சர் எழுந்து நின்றார்.

"வேண்டாம். அதைத் திறக்க வேண்டாம்." குரல் நடுங்கவில்லை. வகுப்பறைக் குரல். "வினாத்தாளை அனுப்பினது நான்தான். எழுதிக்குங்க. பள்ளிக்கூடத்துலேருந்து நடுவுல வீட்டுக்கு வந்தேன். அனுப்பினேன். என் தம்பிக்கு இதுல சம்பந்தமில்ல."

மின்விசிறி முனகியது. வழக்கே கவிழ்ந்துவிட்டது. கட்சிக்காரரே கவிழ்த்துவிட்டார்.

"நேரம் பத்து இருபத்திரண்டு" என்று முணுமுணுத்தபடி டைப்பிஸ்ட் அம்மாள் குறித்துக்கொண்டார்.

தம்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து மேசைக்குப் போனான். எழுத்து எழுத்தாக, சத்தமாக, பாஸ்வேர்டைச் சொன்னான். டீச்சர் "டேய்!" என்றார். அவன் திரும்பவில்லை.

பக்கம் திறந்தது.

"தேதி, நேரம் மட்டும் படிங்க அம்மா" என்றாள் அண்ணி. அவள் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்ததை நாத்தனார் மட்டும் பார்த்தாள்.

டைப்பிஸ்ட் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சனிக்கிழமை. பத்து மணி ஐம்பது நிமிஷம். காலை."

"பிளக் செருகி மூணு நிமிஷம் ஆச்சு. அதைக் கழிச்சா?"

"பத்து நாற்பத்தேழு."

"பார்த்தீங்களா!" ஆபீசர் மேசையைத் தட்டினார். "நான் சொன்னேன் இல்ல? சனிக்கிழமை அவன்தான் எல்லாத்தையும் அழிச்சிருக்கான். டப்பாவே சொல்லிடுச்சு!"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லிடுச்சு சார், சந்தேகமே இல்ல" என்றாள் அண்ணி. "அம்மா, சனிக்கிழமை குழு இவங்க வீட்டுல இருந்தப்ப நீங்கதானே குறிப்பு எடுத்தீங்க? பத்து நாற்பத்தேழுக்கு இவங்க தம்பி எங்கே இருந்தார்?"

டைப்பிஸ்ட் அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். "பத்து பதினஞ்சுலேருந்து பதினொண்ணு இருபது வரைக்கும் முன்னறையில குழுத் தலைவி எதிரே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். பத்து நாற்பத்து மூணுக்குத் தண்ணி கேட்டார். நாற்பத்தஞ்சுக்குக் குடிச்சார். நடுவுல எழுந்திருக்கல."

"என் கண் முன்னாலதான் இருந்தார்" என்றார் தலைவி மெதுவாக.

"டீச்சர்?"

"தம்பி பக்கத்து நாற்காலி. அழுதாங்க. பத்து நாற்பதிலேருந்து பத்து அம்பத்திரண்டு வரைக்கும்."

"அந்த நேரத்துல முன்னறையில இல்லாதவங்க யாராவது?"

டைப்பிஸ்ட் அம்மாள் விரலை வரிமேல் ஓட்டினார். விரல் நின்றது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் படித்தார். "பத்து முப்பத்தஞ்சு: கம்ப்யூட்டர் ஆபீசர் ரவுட்டரைப் பரிசோதிக்க உள் அறைக்குத் தனியாகச் சென்றார். பத்து ஐம்பத்தஞ்சு: திரும்பி வந்து, திறக்க முடியவில்லை என்று தெரிவித்தார்."

அறையில் இருந்த எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"இதென்ன கூத்து!" ஆபீசர் சிரிக்க முயன்றார். "ஒரே ஒரு வரியை அழிச்சதுக்கெல்லாம் கடிகாரம் மாறுமா? அபத்தம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

"சார்," என்றாள் நாத்தனார், பாசத்தோடு, "கை வச்சாங்கன்னுதான் நாங்க சொன்னோம். அழிச்சாங்கன்னு நீங்க சொன்னீங்க. சரி, ஊகம்னு வச்சுக்கலாம். ஆனா ஒரே ஒரு வரின்னு எண்ணிக்கையும் சொல்றீங்களே! திறக்கவே தெரியாத டப்பாவுக்குள்ளே இவ்வளவு கணக்கா? இந்தாங்க, நீங்க கையெழுத்துப் போட்ட தாள். மை இன்னும் காயல."

அண்ணி பாதுகாப்புப் படிவத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கோழியும் ஒரே கோழி. "மார்ச்ல சரிபார்க்கறேன்னு வீட்டுக்கு வந்தீங்க. பாஸ்வேர்டு கையில. வெளியிலேருந்து அந்த வீட்டு இணைப்பு வழியா போய் வர ஒரு வரி எழுதி வச்சீங்க. பின்வாசல். வினாத்தாள் இருந்த இடம் ரெண்டே. டீச்சரோட மடிக்கணினி, வாரியத்துல உங்க பொறுப்புல இருக்கிற கணினி. வியாழக்கிழமை உங்க நாற்காலியை விட்டு எழாமலே அனுப்பினீங்க. அது டீச்சர் வீட்டு வாசல் வழியா வெளியே போச்சு. சனிக்கிழமை வந்து வாசலை அடைச்சுட்டீங்க. அனாமத்து மென்பொருள்னு நீங்க திட்டினது அவ்வளவு நல்லா நடந்துக்கிட்டிருக்கு. உங்க நேரத்தைக்கூடப் பத்திரமா வச்சிருந்தது."

ஆபீசர் நாற்காலியில் சரிந்தார். "மச்சான்..." என்றார். "என் மனைவியோட தம்பி. நாலாவது தடவை எழுதறான். இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்டுல எனக்குச் சோறு கிடையாதுன்னுட்டா. அவன் ஒருத்தனுக்குத்தான் அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினது அந்த மடையன்."

"வினாத்தாள் கையில கிடைச்சும் அதை ஊருக்கே பங்கு போட்டிருக்கானே," என்றாள் நாத்தனார். "அவன் பாஸாகியிருந்தா பிள்ளைங்க கதி என்ன ஆகறது?"

தலைவி மணியை அழுத்தினார். டைப்பிஸ்ட் அம்மாள் நேரம் குறித்தார்.

*

வெளி வராந்தாவில் டீச்சர், திரைப் பக்கத்தைப் பதிவு செய்துகொண்டு குழு திருப்பிக் கொடுத்த ரவுட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கே வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் கையில். புது வினாத்தாளும் அவரே தயாரிக்க வேண்டுமாம். வாரியத்தில் வெட்கம் என்பது படிவத்தில் இல்லாத விஷயம்.

தம்பி தூணில் சாய்ந்து நின்றான். "நான் செஞ்சிருப்பேன்னுதானே நினைச்சே?"

டீச்சர் பொய் சொல்லவில்லை. "ஆமா."

"அப்புறம் ஏன் நீ செஞ்சேன்னு சொன்னே?"

"நீ செஞ்சிருப்பேன்னு நினைச்சேன். அதனாலதான்."

அவனுக்குக் கோபம் வந்தது. அது பாதி வழியில் வேறு எதுவாகவோ மாறி, முகத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடுமாறியது. அவன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான். ரவுட்டரைச் சுவரிலிருந்த மின்சாரத்தில் செருகினான். கம்பியை மாட்டினான். சுற்றுமுற்றும் பார்க்காமல் வேலையில் மட்டும் கண்ணாக இருந்தான்.

"பாஸ்வேர்டை அத்தனை பேர் முன்னால கத்திச் சொல்லிட்டேன். மாத்தணும். நீயே புதுசா ஒண்ணு போட்டுக்கோ. படிவத்துல எழுதிக் கொடுக்காதே. எனக்கும் சொல்லாதே. அப்ப உனக்குச் சந்தேகம் வராது."

டீச்சருக்கு அது உறைத்தது. கணினியை இழுத்து, ஒற்றை விரலால் தட்டினார். உறுதிப்படுத்த இரண்டாம் முறையும் தட்டினார். பிறகு கையை நீட்டி, அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதில் சொன்னார்.

தம்பி நிமிர்ந்தான்.

"அக்கா, இது என் பேரு."

"தெரியும்."

"இதைத் தெருவுல போறவன்கூட ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவான். பெரிய எழுத்து, எண்ணு, ஒண்ணுமே இல்ல. மாத்து."

"மாத்த மாட்டேன்" என்றார் டீச்சர்.